தோப்புக்கரணம் சொல்லும் இதய ரகசியம்

தோப்புக்கரணம் போட்டிருக்கிறீர்களா? பிள்ளையார் கோயிலில் போட்டிருக்கலாம். வீட்டுப்பாடம் எழுதாமல் போன நாளில் வகுப்பிலும் போட்டிருக்கலாம். அதைப் பற்றி இங்கே விசாரிக்கப் போவதில்லை! ஆனால் இதய நோய் மருத்துவர் ஒருவர், தம்மிடம் வந்த ஒரு பையனைப் பார்த்து, "தம்பி, கீழே குந்தி உட்கார். இப்போது எழுந்து நில்" என்று சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பை அவன் மார்பிலிருந்து எடுக்காமலே உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன நினைப்பீர்கள்?

லட்சக்கணக்கில் விலையுள்ள கருவிகள் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் இந்தச் சோதனை கைவிடப்படவில்லை. காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைப் பையனைத் துணைக்கு அழைத்துக்கொள்வோம். பையன்தான் கற்பனை. அவனுக்கு மருத்துவர்கள் செய்யும் சோதனைகள் எல்லாம் உண்மையானவை.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர ஊர் மீமிசல். பாக் விரிகுடாவின் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. நம் பையன் அங்கே பத்தாம் வகுப்புப் படிக்கிறான். விளையாட்டு விழாவில் 400 மீட்டர் ஓட்டம். கடைசி வளைவில், ஓடிக்கொண்டிருக்கும்போதே, தடுமாறி விழுகிறான். சில நொடிகள் நினைவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். "வெறும் வயித்தோட ஓடியிருப்பான்" என்கிறார் ஒருவர். "என்னா வெயிலு!" என்கிறார் மற்றொருவர். ஒரு சோடா வாங்கிக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் இத்துடன் விஷயம் முடிந்துவிடும்.

இங்கே முடியவில்லை. உடற்கல்வி ஆசிரியர் அவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகிறார். அங்கிருந்த மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி: "ஓடும்போது விழுந்தானா, ஓடி முடித்து நின்ற பிறகு விழுந்தானா?"

இது மிக முக்கியமான கேள்வி. ஓடி முடித்துச் சட்டென்று நிற்கும்போது கால்களில் இரத்தம் தேங்கி, மூளைக்குப் போவது குறைந்து, மயக்கம் வருவதுண்டு. அது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. காலை வழிபாட்டில் நெடுநேரம் நின்று மயங்கி விழுவதும் அந்த வகைதான். ஆனால் ஓட்டத்தின் நடுவே, இதயம் முழு மூச்சாக வேலை செய்யும் நேரத்தில் நினைவு தப்பினால், இதயத்தையே சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி தாயாரிடம்: "உங்கள் குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா, அம்மா?"

"எங்கண்ணன் ஒருத்தர் இருந்தாக, டாக்டரம்மா. இருபத்தெட்டு வயசு. கடல்ல வலை இழுக்கையில படகுலயே சாஞ்சிட்டாக. காத்துக் கருப்புன்னு சொன்னாக."

மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார்.

இரு சந்தேகங்கள், ஒரே ஓசை

பாரிஸ் நகரத்து மருத்துவர் லென்னக், 1816ஆம் ஆண்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு பெண்ணின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை அதுதான். அதில் நாம் கேட்கும் 'லப்-டப்' ஓசை, வால்வுகள் மூடிக்கொள்ளும் ஓசை. இந்த இரண்டுக்கும் இடையே 'உஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் கேட்டால் அதை 'மர்மர்' என்பார்கள். அகன்ற வாய்க்காலில் நீர் சத்தமில்லாமல் போகிறது. இடுக்கில் புகும்போது சுழித்து இரைகிறது. இரத்தமும் அப்படியே. ஆனால் மர்மர் கேட்டாலே நோய் என்று பயந்துவிடக்கூடாது. ஆரோக்கியமான பல குழந்தைகளிடம் மெல்லிய மர்மர் கேட்பதுண்டு. அது தானாகவே மறைந்துவிடும்.

நம் பையனிடம் கேட்டது மெல்லியதாக இல்லை. இடது வென்ட்ரிக்கிளிலிருந்து பெருந்தமனிக்கு இரத்தம் வெளியேறும் பாதையில் எங்கோ ஓர் இடுக்கு இருக்கிறது. எங்கே?

முதல் சந்தேகம், பெருந்தமனியின் வாயிலில் உள்ள வால்வு. பிறவியிலேயே சிலருக்கு அது சரியாகத் திறக்காது. இரண்டாவது சந்தேகம் அபூர்வமானது. வால்வு நன்றாகவே இருக்கும். அதற்குக் கீழே, இரண்டு வென்ட்ரிக்கிள்களையும் பிரிக்கும் தசைச் சுவர் அளவுக்கு மீறித் தடித்து, வெளியேறும் பாதைக்குள் புடைத்துக்கொண்டிருக்கும். இதை ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்பார்கள். நாம் 'தடித்த தசை நோய்' என்று அழைப்போம். சாதாரணமாக இந்தச் சுவர் ஏறத்தாழ 1 செ.மீ. கனம் இருக்கும். இந்நோயில் 1.5 செ.மீ.க்கு மேல் போகும். சிலருக்கு 3 செ.மீ.யையும் தாண்டும்.

1950களில் லண்டன் அறுவை மருத்துவர்கள் இந்நோயிடம் ஏமாந்திருக்கிறார்கள். வால்வுதான் சுருங்கியிருக்கிறது என்று நம்பி இதயத்தைத் திறந்தால், வால்வில் பழுதே இல்லை! 1958இல் டொனால்டு டியர் என்ற நோய்க்குறியியல் அறிஞர், திடீரென்று இறந்துபோன இளைஞர்களின் இதயங்களை ஆராய்ந்து, சுவர் ஒரு பக்கமாகத் தடித்திருப்பதை விவரித்தார். நுண்ணோக்கியில் பார்த்தால் அங்குள்ள தசைச் செல்கள் வரிசையாக இல்லாமல், புயலில் சாய்ந்த நெற்பயிர் போலத் தாறுமாறாகக் கிடக்கும். இதயத்தின் மின் துடிப்பு இந்தத் தாறுமாறான வழியில் சிக்கிச் சுழன்றால் இதயம் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும். இளம் வயதுத் திடீர் மரணத்துக்குக் காரணம் அந்த நடுக்கம்தான்.

குந்தி உட்கார்ந்தால் என்ன ஆகிறது?

இதயத்தைத் திறக்காமலே இவ்விரண்டு சந்தேகங்களையும் பிரிக்க வேண்டும். அதற்குத்தான் தோப்புக்கரணம்.

நீங்கள் குந்தி உட்காரும்போது தொடையும் கெண்டைக்காலும் மடங்கி நசுங்குகின்றன. கால் சிரைகளில் இருந்த இரத்தம் பிழியப்பட்டு இதயத்துக்கு ஏறுகிறது. அதே சமயம் கால் தமனிகளும் மடங்குவதால் பெருந்தமனியில் அழுத்தம் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து இடது வென்ட்ரிக்கிளை நிரப்பி விரிக்கின்றன. சட்டென்று எழுந்து நின்றாலோ இதற்கு நேர்மாறு: இரத்தம் கால்களுக்கு இறங்குகிறது, வென்ட்ரிக்கிள் சிறுத்துவிடுகிறது.

இப்போது நீங்களே ஊகித்துப் பாருங்கள். பழுது வால்வில் என்றால், அந்த இடுக்கின் அளவு மாறப் போவதில்லை. குந்தியிருக்கும்போது அதன் வழியே அதிக இரத்தம் பாய்கிறது, ஓசை பெருகுகிறது. எழுந்து நின்றால் இரத்தம் குறைகிறது, ஓசையும் தணிகிறது.

தடித்த தசை நோயில் இடுக்கே மாறிக்கொண்டிருக்கிறது! வென்ட்ரிக்கிள் நிரம்பி விரிந்திருக்கும்போது புடைத்த சுவர் பாதையை விட்டு விலகி நிற்கிறது. எனவே குந்தினால் ஓசை தணிகிறது. எழுந்ததும் அறை சிறுத்து, சுவர் பாதைக்குள் வந்துவிடுகிறது. அதுமட்டுமல்ல, குறுகிய வழியில் சீறிப் பாயும் இரத்தம் பக்கத்திலுள்ள ஈரிதழ் வால்வின் ஓர் இதழையும் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோடு சேர்க்கிறது. காற்று பலமாக வீசினால் திறந்த கதவு தானே சாத்திக்கொள்கிறதே, அதைப் போல. பாதை மேலும் அடைபடுகிறது. மர்மர் உரக்கக் கேட்கிறது.

ஒரே ஓசைதான். ஆனால் எழுந்து நிற்கும்போது ஒன்று தணிகிறது, மற்றது பெருகுகிறது. நம் பையன் எழுந்து நின்றபோது ஓசை பெருகியது. இதில் எனக்குப் பிடித்தது இதுதான்: எந்த விடை வந்தால் எது நோய் என்பதை, கேள்வி கேட்பதற்கு முன்பே நம்மால் சொல்லிவிட முடிகிறது. ஆய்வகத்தில் நீங்கள் செய்யும் நல்ல சோதனைக்கும் இதுதானே அடையாளம்?

(உங்கள் நண்பர்களை வரிசையாக நிற்கவைத்து இதைச் செய்து பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். இந்த ஓசை மாற்றத்தைப் பிடிக்கப் பழகிய காது வேண்டும். பெரிய மருத்துவர்களும் சில வேளை தவறவிடுவதுண்டு.)

யாரும் சொல்லாமலே குந்தும் குழந்தைகள்

குந்தி உட்காருவதற்கு இதய நூல்களில் இன்னோர் இடமும் உண்டு. சில சிறு குழந்தைகள் நாலடி ஓடியதும் மூச்சு வாங்கி, உதடும் நகமும் நீலம் பாரித்து, விளையாட்டின் நடுவே குந்தி உட்கார்ந்துவிடும். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சற்று நேரத்தில் நீலம் குறைந்து மறுபடி விளையாடப் போகும். மார்செய் நகரத்து மருத்துவர் ஃபாலோ 1888இல் விவரித்த நான்கு பழுதுகளின் கூட்டு இந்த நோய். வென்ட்ரிக்கிள்களுக்கு இடையே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் பாதையில் இடுக்கு, ஓட்டையின் மேல் கால் பரப்பி நிற்கும் பெருந்தமனி, தடித்த வலது வென்ட்ரிக்கிள் ஆகியவையே அந்த நான்கு. ஆக்சிஜன் இல்லாத இரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் ஓட்டை வழியே குறுக்கே பாய்ந்து உடலுக்குப் போய்விடுகிறது.

குந்தியதும் என்ன ஆகிறது என்று இப்போது உங்களுக்கே தெரியும். பெருந்தமனியில் அழுத்தம் கூடுகிறது. குறுக்கு வழி கடினமாகிறது. அதனால் அதிக இரத்தம் நுரையீரலுக்கே போய்ச் சேருகிறது. அந்தக் குழந்தை தனக்குத் தானே வைத்தியம் செய்துகொள்கிறது! "பிள்ளை விளையாடும்போது அடிக்கடி குந்திக்கொள்கிறதா?" என்று மருத்துவர் தாயிடம் கேட்டால், பாதி நோய் பிடிபட்டுவிட்டது என்று பொருள். 1944இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டாசிக், ஆல்ஃபிரட் பிளலாக், விவியன் தாமஸ் மூவரும் இக்குழந்தைகளுக்கு முதல் அறுவை சிகிச்சைக்கு வழிகண்டார்கள். இப்போது பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே முழுமையாகச் சரிசெய்துவிடுகிறார்கள். அதனால் குந்தி உட்காரும் நீலக் குழந்தைகளைக் காண்பது குறைந்து வருகிறது.

உப்புத் தண்ணீரில் கைகள்

பையனுக்கு அடுத்ததாக இ.சி.ஜி. எடுக்கிறார்கள். ஹாலந்தின் லைடன் நகரில் ஐந்தோவன் இதை உருவாக்கியபோது (இதற்காக 1924இல் நோபல் பரிசு பெற்றார்) கருவியின் எடை சுமார் 270 கிலோ! நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களில் வைத்திருக்க வேண்டும். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா? இன்று அந்த வேலையைக் களிம்பு தடவிய சிறு வில்லைகள் செய்கின்றன.

தடித்த தசையில் மின் அலைகள் உயரமாகவும், சில தலைகீழாகவும் வரும். நோயுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இ.சி.ஜி. ஏதாவது ஒரு விதத்தில் மாறித்தான் இருக்கும். ஆனாலும் இ.சி.ஜி. சந்தேகத்தைக் கூட்டுமே தவிர, தீர்ப்புச் சொல்லாது.

ஒரு சிறு வேடிக்கை. முதல் வரியில் அலை முழுவதும் தலைகீழாக வந்தால், அனுபவமுள்ள மருத்துவர் முதலில் கைகளின் கம்பிகளைத்தான் பார்ப்பார். இடம் மாற்றி மாட்டியிருப்பார்கள். கம்பிகள் சரியாக இருந்து, மார்பில் இடமிருந்து வலமாக ஓசை தேடினால் வலப்பக்கம்தான் நன்றாகக் கேட்கிறது என்றால், அந்த மனிதருக்கு இதயமே வலப்பக்கம் இருக்கிறது! டெக்ஸ்ட்ரோகார்டியா என்பது இதன் பெயர். கல்லீரல், இரைப்பை முதலிய எல்லா உறுப்புகளும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் மாறியிருந்தால், பலர் எந்தத் தொல்லையும் இல்லாமல் முழு ஆயுளும் வாழ்கிறார்கள்.

கப்பல் பட்டறையில் கடன் வாங்கிய கருவி

தீர்ப்புச் சொல்வது எக்கோ. அதற்குப் பையன் ஊரை விட்டுப் புறப்பட வேண்டும். புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. தஞ்சாவூரிலும் மதுரையிலும் பழைய பெரிய கல்லூரிகள் உள்ளன.

மீமிசலுக்கு வடக்கே உள்ள கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற துறைகளின் விசைப்படகு ஒன்றில் எக்கோ சவுண்டரைப் பார்த்திருந்தால், இந்தக் கருவி உங்களுக்குப் பாதி புரிந்துவிட்டது. ஒலித் துடிப்பைக் கீழே அனுப்பு, அது தரையிலோ மீன் கூட்டத்திலோ பட்டு எதிரொலிக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார், தூரத்தைக் கணக்கிடு. கடல் நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர். ஆழம் 9 மீட்டர் என்றால் போய்த் திரும்ப 18 மீட்டர். நொடியில் ஆயிரத்தில் 12 பங்கு. நம் உடலும் பெரும்பாலும் உப்பு நீர்தானே! தசையில் ஒலியின் வேகம் 1540 மீட்டர். மார்பிலிருந்து 7.7 செ.மீ. ஆழத்திலுள்ள சுவரின் எதிரொலி, நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் வந்துவிடும்.

வேறுபாடு அதிர்வெண்ணில் இருக்கிறது. மீன் தேடும் கருவியின் ஒலி 50,000 அல்லது 2 லட்சம் ஹெர்ட்ஸ். இதய எக்கோவில் 20 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை. 30 லட்சம் ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் அரை மில்லிமீட்டர்தான். ஆகவே மில்லிமீட்டர் கனத்தையும் அளக்க முடிகிறது. 50,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 3 செ.மீ.; இதயச் சுவரின் கனத்தைவிட அதிகம்! கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இதை முதலில் செய்தவர்கள் ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரத்து இதய மருத்துவர் இங்கே எட்லரும், இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும். 1953இல் மால்மோ துறைமுகத்தின் காக்கம்ஸ் கப்பல் கட்டும் தளத்தில், உலோகத் தகடுகளில் விரிசல் தேடப் பயன்பட்ட ஒரு மீயொலிக் கருவியைக் கடனாகப் பெற்று, இதயத்தின் எதிரொலியைப் பிடித்தார்கள்.

எக்கோ கருவி இரத்தத்தின் வேகத்தையும் அளக்கும். அதற்கு உதவுவது டாப்ளர் விளைவு. நெருங்கி வரும் இரயிலின் ஊதல் ஒலி உச்சமாகவும், விலகிப் போகும்போது தணிந்தும் கேட்கிறதே, அதே தத்துவம். வேகம் தெரிந்தால் அடைப்பின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் கணக்கிடலாம்: நொடிக்கு எத்தனை மீட்டர் என்ற எண்ணின் வர்க்கத்தை 4 ஆல் பெருக்கினால் விடை மில்லிமீட்டர் பாதரசத்தில் கிடைக்கும். பெர்னோலியின் சமன்பாட்டைச் சுருக்கியது இது.

நம் பையனின் சுவர் 22 மி.மீ. படுத்திருக்கும்போது வேகம் 2 மீட்டர். வேறுபாடு 16 தான். 30ஐத் தொட்டால்தான் அடைப்பு என்பது கணக்கு. அப்படியானால் அடைப்பு இல்லையா? மூச்சைப் பிடித்து முக்கச் சொல்கிறார்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். வேகம் 4 மீட்டருக்கு ஏறுகிறது, வேறுபாடு 64! படுத்த நிலையில் மட்டும் பார்த்திருந்தால் தவறவிட்டிருப்பார்கள்.

வீட்டிலுள்ளவர்களும் வரவேண்டும்

பையனுக்கு இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் மாத்திரைகள் கொடுப்பார்கள். போட்டி ஓட்டத்தை நிறுத்தச் சொல்வார்கள். உடலில் நீர் வற்றவிடக்கூடாது என்பார்கள். நீர் குறைந்தால் வென்ட்ரிக்கிள் சிறுக்கும், அடைப்பு கூடும். திடீர் மரண ஆபத்து அதிகம் என்று கணித்தால், நடுங்கும் இதயத்தை மின் அதிர்ச்சியால் ஒழுங்குக்குக் கொண்டுவரும் சிறு கருவியைத் தோலுக்கடியில் பொருத்துவார்கள். தடித்த தசையைச் செதுக்கி எடுக்கும் அறுவையும் உண்டு. உலகில் ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் வழக்கமான ஆயுளோடு வாழ்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்து, அம்மாவும் அப்பாவும் தங்கையும் எக்கோவுக்கு வரவேண்டும். இந்நோய் பெரும்பாலும் ஓங்கு மரபாக வருகிறது. பெற்றோரில் ஒருவரிடம் பழுதான ஜீன் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு பாதி. வலை இழுக்கையில் சாய்ந்த மாமாவின் கதைக்கு இப்போது வேறு பொருள் கிடைக்கிறது. தங்கையின் எக்கோ இன்று சரியாக இருந்தாலும் போதாது. தசை பெரும்பாலும் வளரிளம் பருவத்தில்தான் தடிக்கத் தொடங்கும். ஆகவே ஓரிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மீண்டும் பார்க்க வேண்டும்.

எந்த ஜீன்? இங்கே நம் ஊர்ப்பக்கத்துக் கதை ஒன்று வருகிறது. இதயத் தசையின் ஒரு புரதத்துக்கான ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதைச் சில இந்தியக் குடும்பங்களில் கண்டு 2003இல் வெளியிட்டார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் முதலியோர் அதைப் பின்தொடர்ந்தார்கள். இதய நோயாளிகள் 800 பேர், ஆரோக்கியமானவர்கள் 699 பேர் என ஒப்பிட்டார்கள். பிறகு இந்தியாவின் பல இனக்குழுக்களிலும் தேடினார்கள். 2009இல் வந்த முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது: தெற்காசிய மக்களில் ஏறத்தாழ 100க்கு 4 பேரிடம் இந்தக் குறை இருக்கிறது, இது தோன்றிச் சுமார் 33,000 ஆண்டுகள் ஆகியிருக்கலாம், இதய நோயாளிகளிடம் இது பல மடங்கு அதிகம்.

100க்கு 4 என்றால் உங்கள் வகுப்பிலேயே ஒருவரிடம் இருக்கலாம். ஆனால் தடித்த தசை நோய் 500க்கு ஒருவருக்குத்தானே? இந்த முரண்பாடு ஆராய்ச்சியாளர்களை விடவில்லை. 2020இல் வெளியான மறு ஆய்வு ஒன்று, 25 எழுத்துக் குறை உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் அதே ஜீனில் இன்னோர் எழுத்தும் மாறியிருப்பதைக் கண்டது. தடித்த தசை நோயோடு உண்மையில் சேர்ந்து வருவது அந்த இரண்டாவது மாற்றம்தான். முதல் குறை அதோடு ஒட்டிப் பயணம் செய்வதால் குற்றவாளி போலத் தெரிந்திருக்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. மதுரையில் ஆரம்பித்த தேடல் இல்லாவிட்டால் இந்த இரண்டாவது எழுத்தை யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

எனவே இன்று ஒருவரிடம் 25 எழுத்துக் குறை மட்டும் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தால், அதைக்கொண்டு அவரை நோயாளி என்று எழுதிவிடுவதில்லை. சுவரின் கனத்தை எக்கோவில் அளக்கிறார்கள். படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நிற்கச் சொல்லி இன்னொரு முறை.